ஆகாப் கடவுளை நம்பாதவனா? மோபி டிக் நாவலில் நம்பிக்கையும் வெறியும் தனிமையும்

கேள்வி இதுதான்: "மோபி டிக் நாவலைப் பாதிவரை படித்தேன். கேப்டன் ஆகாப் நாத்திகனா, அல்லது கடவுளோடு மல்லுக்கு நிற்பவனா? இந்த நாவல் மதத்துக்கு எதிரானதா? ஒரு காலை இழந்ததற்காகவா ஒரு மனிதனுக்கு இவ்வளவு வெறி வரும்?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆகாப் நாத்திகன் இல்லை. அவன் கேப்டனாக இருக்கும் பீக்வாட் என்ற திமிங்கல வேட்டைக் கப்பலில் அவனளவுக்குக் கடவுளைப் பொருட்டாக எடுத்துக்கொண்டவன் வேறு எவனும் இல்லை. மோபி டிக் என்ற வெள்ளைத் திமிங்கலத்தைக் கொன்றே தீர வேண்டும் என்கிற வெறிக்கு, அதனால் கால் போனது மட்டும் காரணமும் இல்லை. கால் போன பிறகு, வலியோடு தன்னந்தனியாகக் கிடந்த மாதங்கள்தான் பெரிய காரணம். ஹெர்மன் மெல்வில் கதையை அடுக்கியிருக்கும் வரிசையைப் பார்த்தால் தனிமை முதலில் வருகிறது, அது நம்பிக்கையைத் திரிக்கிறது, திரிந்த நம்பிக்கைதான் வெறியாகிறது. பலரும் இதைத் தலைகீழாகப் படிக்கிறார்கள்: வெறி பிடித்ததால் தனியாகிப்போனான் என்று. புத்தகத்தில் அப்படி இல்லை.

மெல்விலைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் உதவும். 1819இல் நியூயார்க்கில் பிறந்தவர். அம்மா டச்சு சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவர். யார் மீட்கப்படுவார், யார் கைவிடப்படுவார் என்பதைக் கடவுள் முன்பே தீர்மானித்துவிட்டார் என்கிற கால்வினியப் போதனையைக் கேட்டு வளர்ந்த பிள்ளை. 1832இல் அப்பா கடன்பட்டு, புத்தி பேதலித்த நிலையில் இறந்தபோது மெல்விலுக்கு வயது 12. 1841 ஜனவரியில் அகுஷ்நெட் என்ற திமிங்கல வேட்டைக் கப்பலில் ஏறினார். மறு ஆண்டு மார்க்கேசஸ் தீவுகளில் அதைவிட்டு ஓடினார். பசிபிக் தீவுகளில் மிஷனரிகள் நடந்துகொண்ட விதத்தைத் தன் ஆரம்பப் புத்தகங்களில் சாடி, சபைக்காரர்களின் கோபத்துக்கும் ஆளானார். 1856இல் லிவர்பூலில் அவரைச் சந்தித்த நண்பர், நாவலாசிரியர் நத்தானியல் ஹாதோர்ன் நாட்குறிப்பில் எழுதியது இது: இவரால் நம்பவும் முடியவில்லை, நம்பாமல் நிம்மதியாக இருக்கவும் முடியவில்லை, இரண்டில் ஒன்றுக்கு முயலாமல் விட்டுவிடவும் முடியாத அளவுக்கு நேர்மையும் துணிவும் உள்ளவர். ஆகாபைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல குறிப்பு எனக்குக் கிடைத்ததில்லை.

இனி நாவலுக்குள் போகலாம். கப்பல் கிளம்புவதற்கு முன்பே, 7, 8, 9ஆம் அத்தியாயங்களில், நியூ பெட்ஃபோர்ட் என்ற திமிங்கல வேட்டைத் துறைமுகத்தில் ஒரு மாலுமிகள் ஆலயம் வருகிறது. பாதியில் விட்டுவிட்டவர்கள்கூட இதைத் தாண்டித்தான் போயிருப்பார்கள். பெரும்பாலும் அவசரமாகத் தாண்டியிருப்பார்கள். சுவர்களில் பளிங்குப் பலகைகள். பதினெட்டு வயதில் கப்பலிலிருந்து விழுந்து காணாமல் போனவன், திமிங்கலம் கண்ணுக்கெட்டாத தூரம் இழுத்துக்கொண்டு போன ஒரு படகின் ஆட்கள், ஜப்பான் கரையோரம் ஸ்பெர்ம் திமிங்கலத்தால் செத்த ஒரு கேப்டன். உடல் கிடைக்காதவர்களுக்காக வைத்த கற்கள் இவை. அவற்றுக்கு எதிரே மாலுமிகளும் மனைவிமார்களும் கைம்பெண்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் பக்கத்தில் ஒருவர் இல்லை. வேண்டுமென்றே தள்ளித் தள்ளி. ஒவ்வொருவர் துக்கமும் ஒரு தீவு, அதை அடுத்தவரிடம் சொல்ல வழியில்லை என்பதுபோல இருந்தது என்கிறான் கதைசொல்லி இஸ்மவேல். கோயிலுக்கு வந்தும் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும் மக்கள். அந்தக் கூட்டத்தை அடித்தளமாகப் போட்டுத்தான் மெல்வில் கதையை எழுப்புகிறார்.

அங்கே பிரசங்கிக்க வருபவர் பாதிரியார் மேப்பிள். பிரசங்க மேடை கப்பலின் முன்முனை வடிவத்தில் இருக்கிறது. படி கிடையாது. கப்பலின் பக்கவாட்டில் தொங்கவிடுகிற மாதிரி ஒரு கயிற்றேணி. அதைப் பிடித்து ஏறுகிறார். ஏறி முடித்ததும் திரும்பி நின்று, ஏணியைப் படி படியாக மேலே இழுத்துப் போட்டுக்கொள்கிறார். கீழே இருக்கும் யாரும் இனி அவரை எட்ட முடியாது. அந்த உயரத்திலிருந்து, கடவுள் இட்ட வேலையிலிருந்து ஓடிப்போய்ப் பெரிய மீனால் விழுங்கப்பட்ட பைபிள் தீர்க்கதரிசி யோனாவின் கதையைச் சொல்கிறார்.

பிரசங்கத்தில் இரண்டு பாடங்கள் உண்டு. முதலாவது எல்லோருக்கும்: கடவுளுக்குக் கீழ்ப்படிய வேண்டுமென்றால் நமக்கு நாமே கீழ்ப்படியாமல் இருக்க வேண்டும், கஷ்டம் அதில்தான் இருக்கிறது. மீன் வயிற்றில் கிடந்த யோனா விடுதலைக்காக அழவில்லை, தண்டனை நியாயமானது என்று ஏற்றுக்கொண்டான் என்கிறார் மேப்பிள். இரண்டாவது பாடம் தன்னைப் போன்ற போதகர்களுக்கு: பொய்யின் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்ல வேண்டும்; இந்த உலகத்தின் கர்வம்பிடித்த தெய்வங்களுக்கும் தளபதிகளுக்கும் எதிராக, எதற்கும் வளையாத தன்னையே நிறுத்துகிறவன் பாக்கியவான். இந்த இரண்டாம் பாதியை மட்டும் தனியாக வெட்டியெடுங்கள், ஆகாப் கிடைத்துவிடுவான். தன்னை மறுப்பது என்ற முதல் பாதி இல்லாமல், வளையாத தன்னை நிறுத்துவது என்ற இரண்டாம் பாதி மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் மிச்சமுள்ள 126 அத்தியாயங்களும் காட்டுகின்றன. பிரசங்கம் முடிந்ததும் மேப்பிள் முகத்தைக் கைகளால் மூடி, எல்லோரும் போகும்வரை அந்த மேடையில் தனியாக மண்டியிட்டிருக்கிறார். அவரும் ஒரு தீவுதான்.

இதற்கு நேர் எதிர் குவீக்வெக். தென்கடல் தீவுக்காரன், உடம்பெல்லாம் பச்சை குத்தியவன், ஈட்டி எறிபவன், யோஜோ என்ற சின்ன மரப் பொம்மையைக் கும்பிடுபவன். பத்தாம் அத்தியாயத்தில், விடுதியில் ஒரே அறையில் தங்கும் இஸ்மவேலைத் தன்னோடு சேர்ந்து கும்பிடக் கூப்பிடுகிறான். இஸ்மவேல் பிரெஸ்பிட்டேரியன் சபையில் பிறந்து வளர்ந்தவன். யோசிக்கிறான். வழிபாடு என்றால் கடவுளின் விருப்பத்தைச் செய்வது. அவருடைய விருப்பம், பிறர் எனக்கு என்ன செய்ய வேண்டுமென நினைக்கிறேனோ அதை நான் பிறருக்குச் செய்வது. இவன் என்னோடு சேர்ந்து என் சபை முறைப்படி தொழ வேண்டும் என்று நினைக்கிறேன். அப்படியானால் நானும் இவனோடு சேர்ந்து தொழ வேண்டும். சுள்ளிகளைப் பற்றவைத்து, பொம்மையை நிமிர்த்தி வைத்து, சுட்ட பிஸ்கட்டைப் படைத்து, இரண்டு மூன்று தடவை கும்பிட்டுவிட்டு, மனச்சாட்சி உறுத்தாமல் தூங்கப் போகிறான். வாதமாக எடுத்தால் எந்த இறையியல் ஆசிரியரும் இதை உடைத்துவிடலாம். ஆனால் அறையில் இருக்கும் இன்னொரு மனிதனிலிருந்து தொடங்கிக் கடவுளிடம் போகிற ஒரே வாதம் இந்த நாவலில் இதுதான்.

குவீக்வெக் அதைப் பேச்சில் விடுவதும் இல்லை. பீக்வாட் கிளம்பும் நான்டுக்கெட் தீவுக்குப் போகும் படகில் தன்னைக் கேலி செய்த அதே பயல் கடலில் விழுந்தபோது, குதித்துக் காப்பாற்றுகிறான். உலகம் எங்கேயும் கூட்டுப் பங்கு வியாபாரம்தான், நரமாமிசம் தின்கிற நாங்கள் இந்தக் கிறிஸ்தவர்களுக்கு உதவித்தான் ஆக வேண்டும் என்று அவன் மனதில் ஓடியிருக்கும் என்கிறான் இஸ்மவேல்.

கப்பலின் பங்குதாரர் பில்தாத் வேறு வகை. குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர், போரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர், திமிங்கலத்தின் ரத்தத்தைப் பீப்பாய் பீப்பாயாகக் கொட்டியவர். பூமியில் பொக்கிஷம் சேர்க்காதே என்ற வேத வசனத்தை முணுமுணுத்துக்கொண்டே இஸ்மவேலுக்கு லாபத்தில் 777இல் ஒரு பங்கு போதும் என்கிறார். இன்னொரு பங்குதாரர் அதை 300இல் ஒன்றாக்குகிறார். ஓய்வுநாளில் அதிகமாக வேட்டையாடாதீர்கள், ஆனால் நல்ல வாய்ப்பு வந்தால் விட்டும்விடாதீர்கள், அது தேவன் கொடுத்த வரத்தை மறுப்பது என்று சொல்லி அனுப்புகிறார் பில்தாத். இந்த மாதிரி பக்தியை எல்லா ஊரிலும் பார்க்கலாம். மெல்வில் அதில் அதிக நேரம் செலவழிக்கவில்லை, நானும் வேண்டாம் என்று நினைக்கிறேன்.

சரி, ஆகாப். 36ஆம் அத்தியாயத்தில் அவன் பாய்மரத்தில் ஒரு தங்கக் காசை ஆணியடித்து வைத்து, வெள்ளைத் திமிங்கலத்தை முதலில் பார்ப்பவனுக்கு இது என்று சொல்கிற காட்சி உங்களுக்கு நினைவிருக்கும். கேப்டனுக்கு அடுத்த அதிகாரியான சீஃப் மேட் ஸ்டார்பக் எதிர்க்கிறான். வாயில்லா ஜீவன் அது, குருட்டு உணர்ச்சியில் தாக்கியது. அதன்மேல் பழி தீர்ப்பதா, இது தெய்வ நிந்தனை போல இருக்கிறது, கேப்டன். ஆகாபின் பதில்தான் நாவலின் நடுநரம்பு. கண்ணுக்குத் தெரிகிற பொருள்கள் எல்லாம் அட்டை முகமூடிகள். அவற்றுக்குப் பின்னால், அறிவுள்ள ஏதோ ஒன்று தன் முகத்தைக் காட்டுகிறது. அடிப்பதென்றால் முகமூடியைக் கிழித்து அடி. சில சமயம் பின்னால் எதுவுமே இல்லையோ என்றும் தோன்றுகிறது, பரவாயில்லை என்கிறான். சூரியன் என்னை அவமதித்தால் சூரியனையும் அடிப்பேன்.

நாத்திகன் இப்படிப் பேச மாட்டான். நாத்திகனுக்குத் திமிங்கலம் திமிங்கலம்தான். அதை அப்படிப் பார்ப்பவர்கள் நாவலிலேயே இருக்கிறார்கள். 100ஆம் அத்தியாயத்தில் வரும் சாமுவேல் எண்டர்பி கப்பலின் ஆங்கிலேயக் கேப்டன் பூமர், அதே மோபி டிக்கால் ஒரு கையை இழந்தவன். அவனுக்குக் கோபமே இல்லை. ஒரு கை போனது போதாதா, அதை அதன் வழியில் விட்டுவிடுவதே நல்லது என்கிறான். நீங்கள் வன்மம் என்று நினைப்பது அந்த மிருகத்தின் தடுமாற்றம்தான் என்கிறார் அவனுடைய கப்பல் மருத்துவர். இந்த இருவரும் ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொண்டே கை போன கதையைச் சொல்கிறார்கள். காயம்பட்ட நாட்களில் ராத்திரி ராத்திரியாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பர் அந்த மருத்துவர். இதைக் கவனியுங்கள்: அதே திமிங்கலம், ஏறக்குறைய அதே காயம். ஒருவனுக்குப் பக்கத்தில் ஆள் இருந்தது.

ஆகாபுக்கு? 41ஆம் அத்தியாயத்தில் மெல்வில் மிகத் தெளிவாகச் சொல்கிறார். கால் போன அந்த நொடியில் ஆகாபுக்குப் பித்துப் பிடிக்கவில்லை. அப்போது உணர்ந்தது உடம்பின் வலியை மட்டும்தான். கப்பல் வீடு திரும்பியபோது, நடுக்குளிரில் தென் அமெரிக்காவின் தென்முனையைச் சுற்றி வந்த அந்த நீண்ட மாதங்களில், ஆகாபும் வேதனையும் ஒரே தூளியில் அருகருகே படுத்துக் கிடந்தார்கள். கிழிந்த உடம்பும் வெட்டுப்பட்ட ஆன்மாவும் ஒன்றுக்குள் ஒன்று ரத்தம் கசிந்து கலந்தபோதுதான் அவன் பைத்தியமானான். அந்தத் தூளியில் அவனோடு இருந்த ஒரே துணை வேதனை. ஆதாமிலிருந்து இன்றுவரை மனித இனம் பட்ட கோபத்தையும் வெறுப்பையும் எல்லாம் திமிங்கலத்தின் வெள்ளைத் திமில்மேல் அவன் ஏற்றி வைத்தது அங்கே ஆரம்பித்தது.

பயணம் தொடங்கிய பிறகு இந்தத் தனிமையை அவன் தானே கட்டி எழுப்புகிறான். தன் பைப்பைக் கடலில் வீசுகிறான், புகை இனி ஆறுதல் தரவில்லை என்று. அவனோடு சாப்பிட உட்காரும் மேட்கள் வாய் திறப்பதில்லை. நடுக்கடலில் இரண்டு வேட்டைக் கப்பல்கள் சந்தித்தால் கேப்டன்கள் ஒரு கப்பலிலும் சீஃப் மேட்கள் இன்னொன்றிலும் கூடி, கடிதம் மாற்றி, ஊர்க்கதை பேசுவது வழக்கம். மூன்று நான்கு வருடம் கரை பார்க்காதவர்களுக்கு அதுதான் திருவிழா. ஆகாப் எதிரே வரும் கப்பலிடம் ஒரே கேள்வி கேட்கிறான்: வெள்ளைத் திமிங்கலத்தைப் பார்த்தாயா? பதில் இல்லையென்றால் ஐந்து நிமிடம்கூட நிற்க மாட்டான். எண்ணெய் நிறைந்து, பாட்டும் ஆட்டமுமாக வீடு திரும்பும் பேச்சிலர் என்ற கப்பலின் கேப்டன் அந்தக் கேள்விக்குச் சொல்லும் பதில் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: கேள்விப்பட்டிருக்கிறேன், ஆனால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கடவுளைப் பற்றிப் பேசுவதுபோலவே பேசுகிறான்.

வெறி எப்படி ஒரு மதமாகவே மாறிவிடுகிறது என்பதை மெல்வில் சடங்குகளைக் கொண்டு காட்டுகிறார். ஈட்டிகளின் குழிவான முனையில் சாராயம் ஊற்றிக் கொடுத்து, கிறிஸ்தவர்கள் ஆலயத்தில் திராட்சரசம் பகிரும் நற்கருணைச் சடங்கைத் தலைகீழாக நடத்துகிறான் ஆகாப். 113ஆம் அத்தியாயத்தில், மோபி டிக்குக்கென்று அடித்த ஈட்டி முனையை மூன்று ஈட்டிக்காரர்களின் ரத்தத்தில் தோய்த்து, பிதாவின் பெயரால் அல்ல, பிசாசின் பெயரால் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன் என்று லத்தீனில் முழங்குகிறான். இதுதான் புத்தகத்தின் ரகசிய வாசகம் என்று 1851 ஜூனில் ஹாதோர்னுக்கு மெல்வில் கடிதம் எழுதியிருக்கிறார். யெரொபெயாம் என்ற இன்னொரு கப்பலில் காபிரியேல் என்று தன்னை அழைத்துக்கொள்ளும் ஒருவன், மோபி டிக்கையே கடவுளின் அவதாரம் என்று சொல்லி மாலுமிகளை மிரட்டி வைத்திருக்கிறான். ஆகாபும் காபிரியேலும் எதிரெதிர் முனையில் நிற்பதுபோலத் தெரியும். ஒருவன் அந்த மிருகத்தைக் கும்பிடுகிறான், ஒருவன் கொல்லப் போகிறான். அது வெறும் மிருகமாக இருக்கலாம் என்பதை மட்டும் இருவராலும் தாங்க முடியவில்லை.

நம்மில் பலருக்கு இங்கே இரணியன் நினைவு வரும். பகையும் ஒரு வகை பக்தி, இடைவிடாத நினைப்புதானே. ஆனால் இரணியனுக்குத் தூண் பிளந்து பதில் வந்தது. ஆகாபுக்கு எந்தத் தூணும் பிளக்கவில்லை. திமிங்கலம் கடைசிவரை ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவன் வேதனை அந்த மௌனம்தான்.

இப்போது 119ஆம் அத்தியாயத்துக்கு வருகிறேன். முழு நாவலையும் திறக்கிற இடம் இது என்பது என் கருத்து. ஜப்பான் பக்கத்துக் கடலில் புயல். மூன்று பாய்மர உச்சிகளிலும் மின்னேற்றத்தால் வெளிறிய நெருப்பு நாக்குகள் எரிகின்றன. மாலுமிகள் உறைந்து நிற்க, ஆகாப் இடிதாங்கிச் சங்கிலியைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த நெருப்போடு பேசுகிறான். ஒரு காலத்தில் உன்னைத் தொழுதேன், தொழும்போதே நீ என்னைச் சுட்டாய், அந்த வடு இன்னும் இருக்கிறது. உன்னை எதிர்ப்பதே உனக்குச் செய்யும் சரியான வழிபாடு என்று இப்போது தெரிந்துகொண்டேன். எல்லோரும் மேற்கோள் காட்டுவது இந்த வரியைத்தான். ஆனால் கொஞ்சம் கழித்து வேறொன்று சொல்கிறான். அன்பின் மிகத் தாழ்ந்த வடிவத்தில் வா, மண்டியிட்டு உன்னை முத்தமிடுவேன். வெறும் பெருஞ்சக்தியாக வந்தால், எத்தனை படை திரட்டி வந்தாலும் நான் அசைய மாட்டேன். இன்னும் கொஞ்சம் போய், அந்த நெருப்பையே அநாதை என்கிறான். உனக்கும் யாரிடமும் சொல்ல முடியாத புதிர் இருக்கிறது, யாரும் பங்கெடுக்காத துக்கம் இருக்கிறது, நீயும் காலங்காலமாகத் தனித்திருக்கும் துறவிதானே. தன் தனிமையைக் கடவுளுக்கும் கொடுத்துவிடுகிறான் பாருங்கள். அவனால் கற்பனை செய்ய முடிந்த கடவுளும் கேபின் கதவைச் சாத்திக்கொண்டிருக்கும் ஒரு கேப்டன்தான்.

அன்பின் தாழ்ந்த வடிவத்தில் வா என்று கேட்டான் அல்லவா? வந்தது. அடுத்த பதிமூன்று அத்தியாயங்களுக்குள் மூன்று தடவை வந்தது. கடைசிப் பகுதியை வேட்டைக்கதையாக மட்டும் படிக்கிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

முதலில் பிப். தம்பூரின் அடித்துக்கொண்டு திரியும் கறுப்பினச் சிறுவன், கப்பலில் எல்லோருக்கும் கீழே இருப்பவன். வேட்டைப் படகிலிருந்து பயத்தில் ஒருமுறை குதிக்கிறான். அவனைக் காப்பாற்றுவதற்காகக் கயிற்றை அறுத்துத் திமிங்கலத்தை விட வேண்டியதாகிறது. இரண்டாவது மேட் ஸ்டப் எச்சரிக்கிறான்: அலபாமா சந்தையில் நீ போகிற விலையைவிடத் திமிங்கலம் முப்பது மடங்கு அதிகம், மறுபடி குதித்தால் விட்டுவிட்டுப் போவோம். பிப் மறுபடி குதிக்கிறான். பின்னால் வரும் படகுகள் எடுத்துக்கொள்ளும் என்று ஸ்டப் நினைக்கிறான். அந்தப் படகுகள் வேறு திமிங்கலத்தைக் கண்டு திரும்பிவிடுகின்றன. நாலு பக்கமும் வானம் தொடும் கடல் நடுவில், தலை மட்டும் வெளியே தெரிய, அந்தப் பையன் தனியாக மிதக்கிறான். தற்செயலாகக் கப்பலே வந்து அவனைத் தூக்குகிறது. உடம்பு பிழைத்தது, புத்தி போய்விட்டது. ஆழத்தில் கடவுளின் கால் தறியின் மிதியில் இருப்பதைப் பார்த்தான், பார்த்ததைச் சொன்னான், அதனால் அவனைப் பைத்தியம் என்றார்கள் என்று எழுதுகிறார் மெல்வில். ஆகாப் நாற்பது வருடமாகத் தேடும் காட்சியை, தேடாமலே, சிலமணி நேரத் தனிமையில் ஒரு பையன் கண்டுவிட்டான்.

இந்தப் பையனைத்தான் ஆகாப் கேபினுக்குக் கூட்டிவந்து கையைப் பிடித்துக்கொள்கிறான். பிப் அவனை விட மறுக்கிறான்: உங்களுக்கு ஒரு கால் இல்லை, என்னையே காலாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆகாப் சொல்வதைக் கேளுங்கள். உன்னிடம் இருக்கும் ஏதோ ஒன்று என் நோயைக் குணமாக்குகிறது. இந்த வேட்டைக்கு என் நோய்தான் எனக்கு ஆரோக்கியம். நீ இன்னும் இப்படிப் பேசினால் என் நோக்கம் கவிழ்ந்துவிடும். மருந்து இன்னதென்று தெரிகிறது, வேலை செய்கிறது என்றும் தெரிகிறது. அதனாலேயே அவனைக் கீழே விட்டுவிட்டு மேலே போகிறான்.

இரண்டாவது ராகேல் கப்பல். அதன் கேப்டன் கார்டினர், ஆகாபுக்கு ஏற்கெனவே தெரிந்த நான்டுக்கெட்காரர், முந்தைய நாள் மோபி டிக்கைத் துரத்திப்போய்க் காணாமல் போன ஒரு படகைத் தேடிக்கொண்டிருக்கிறார். அந்தப் படகில் அவருடைய பன்னிரண்டு வயது மகன். உங்கள் கப்பலை நாற்பத்தெட்டு மணிநேரம் வாடகைக்குக் கொடுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறேன், உங்களுக்கும் வயதான காலத்தில் பிறந்த ஒரு பிள்ளை இருக்கிறானே என்று கெஞ்சுகிறார். ஆகாப் பட்டடைக்கல் மாதிரி அசையாமல் நிற்கிறான். கார்டினர், நான் செய்ய மாட்டேன், இப்போதே நேரம் வீணாகிறது. கடவுள் உங்களைக் காக்கட்டும், என்னை நானே மன்னித்துக்கொள்ள முடியட்டும் என்கிறான். அந்தப் பதிலில் கடவுள் பெயர் இருக்கிறது, மன்னிப்பு இருக்கிறது, செய்யப்போவது தவறு என்ற தெளிவும் இருக்கிறது. அவனுக்கு நம்பிக்கை போதவில்லை என்று இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு யாரும் சொல்ல முடியாது.

மூன்றாவது ஸ்டார்பக், 132ஆம் அத்தியாயத்தில். நல்ல நீலவானம், மென்காற்று. ஆகாப் கப்பலின் ஓரத்தில் சாய்ந்து பசிபிக் கடலில் ஒரு கண்ணீர்த்துளி விடுகிறான். பக்கத்தில் வந்து நின்ற ஸ்டார்பக்கிடம் முதல்முறையாக மனம்விட்டுப் பேசுகிறான். பதினெட்டு வயதில் முதல் திமிங்கலத்தை ஈட்டியால் குத்தினேன். நாற்பது வருடம் ஆகிவிட்டது. அதில் கரையில் கழித்தது மூன்று வருடம்கூட இல்லை. கேப்டன் பதவி என்பது மதில் கட்டிய நகரம், வெளியே இருக்கும் பசுமை உள்ளே வராது. ஐம்பது தாண்டிய பிறகு ஒரு சின்னப் பெண்ணைக் கல்யாணம் செய்து மறுநாளே கப்பலேறினேன். தலையணையில் ஒரு பள்ளம் மட்டும் விழுந்தது. கல்யாணம் செய்த அன்றே அவளை விதவையாக்கிவிட்டேன். வெறியைப் பற்றிக் கேட்டீர்களே, அதற்கு ஆகாபே கொடுக்கும் வாக்குமூலம் இது. இதில் பெரும்பகுதி காலைப் பற்றியது இல்லை, நாற்பது வருடத் தனிமையைப் பற்றியது.

அப்புறம் சொல்கிறான்: பக்கத்தில் வா ஸ்டார்பக், ஒரு மனிதக் கண்ணைப் பார்க்கிறேன். கடலையும் வானத்தையும் பார்ப்பதைவிட, கடவுளைப் பார்ப்பதைவிட இது மேல். மரணத்துக்கு மூன்று நாள் முன்பு, அவன் வாயிலிருந்தே வருகிறது. வீட்டுக்குப் போகலாம், நான்டுக்கெட்டிலும் இப்படி நீலவான நாட்கள் உண்டு என்கிறான் ஸ்டார்பக். ஆகாப் பார்வையைத் திருப்பிக்கொள்கிறான். இந்தக் கையைத் தூக்குவது நானா, கடவுளா, வேறு யாரோவா என்று விதியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறான். பேசி முடித்துத் திரும்பும்போது ஸ்டார்பக் அங்கே இல்லை. முகம் வெளிறி, நம்பிக்கை இழந்து, நழுவிப் போய்விட்டான்.

ஸ்டார்பக்கின் இந்த நழுவலையும் சும்மா விட முடியாது. நல்ல கிறிஸ்தவன், தைரியசாலி, சரி எது என்று தெரிந்தவன். சில நாட்களுக்கு முன் கேபின் வாசலில், தூங்கும் ஆகாபுக்கு எதிரே துப்பாக்கியோடு நின்றவன். சுட்டால் முப்பது உயிர் பிழைக்கும், ஆனால் கொலைப் பாவம். கடவுளே நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்டுவிட்டுத் துப்பாக்கியை வைத்துவிடுகிறான். சுடாததை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தன் நம்பிக்கையைத் தனக்குள்ளேயே வைத்துப் பூட்டி, தனியாக ஜெபித்து, தனியாகத் துவண்டவன் அவன். மற்றவர்களிடம் பேசவே இல்லை. ஆகாபோ எல்லோரையும் சேர்த்துக்கொண்டான். துரத்தலின் இரண்டாம் நாளில் அவர்கள் முப்பது பேர் இல்லை, ஒரே ஆள் என்று எழுதுகிறார் மெல்வில். நாவலின் முன்பகுதியில், அந்தக் கப்பலில் ஒவ்வொருவனும் தனித்தனிக் கண்டத்தில் வாழ்ந்தான் என்று சொல்லியிருந்தார். அப்படித் தனித்திருந்தவர்களுக்கு வெறிதான் முதன்முதலாக ஒரு கூட்டத்தைக் கொடுத்தது. வெறியின் கவர்ச்சி அதுதான், இன்றைக்கும் அதுதான்.

மூன்றாம் நாள் ஸ்டார்பக் ஆகாபின் படகைப் பார்த்துக் கத்துகிறான்: மோபி டிக் உங்களைத் தேடவில்லை, நீங்கள்தான் பைத்தியமாக அதைத் தேடுகிறீர்கள்! எல்லா இறையியலுக்கும் இதில் பதில் இருக்கிறது. ஆனால் காலம் கடந்துவிட்டது. ஆகாப் எறிந்த ஈட்டியின் கயிறே அவன் கழுத்தைச் சுற்றி இழுத்துக்கொண்டு போகிறது. கப்பல் மூழ்குகிறது. இஸ்மவேல் பிழைப்பது குவீக்வெக் தனக்காகச் செய்யவைத்த சவப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு. குவீக்வெக் காய்ச்சலில் கிடந்து பிழைத்த பிறகு அந்தப் பெட்டியை உயிர்மிதவையாக மாற்றியிருந்தார்கள். மறுநாள் அவனைத் தூக்குவது, மகனை இன்னும் தேடிக்கொண்டிருந்த ராகேல். பொம்மையைக் கும்பிட்டவனின் நட்பும், ஆகாப் கைவிட்ட தகப்பனின் தேடலும் அவனைக் காப்பாற்றுகின்றன.

ஆக, நாவல் மதத்துக்கு எதிரானதா என்ற கேள்விக்கு வருகிறேன். மெல்விலே ஹாதோர்னுக்கு எழுதினார்: தீய புத்தகம் ஒன்றை எழுதிவிட்டேன், ஆனால் ஆட்டுக்குட்டிபோல மாசில்லாமல் உணர்கிறேன். 1851 அக்டோபரில் லண்டனில் மூன்று தொகுதிகளாக வந்த பதிப்பில், தெய்வ நிந்தனை என்று பட்ட இடங்களை வெட்டினார்கள். இஸ்மவேல் பிழைத்ததைச் சொல்லும் முடிவுரையும் அதில் அச்சாகவில்லை. எல்லோரும் செத்துவிட்டால் கதை சொல்வது யார் என்று அங்கே விமர்சகர்கள் கேட்டார்கள். அந்த முடிவுரை இல்லாமல் படித்தால் இது ஒரு மனிதன் கடவுளிடம் தோற்ற கதை மட்டும்தான். அதோடு சேர்த்துப் படித்தால் ஆலயத்தில் தள்ளித் தள்ளி உட்கார்ந்தவர்களுக்கும், ஒரே அறையில் இரண்டு மதத்தோடு தூங்கப் போன இருவருக்கும் உள்ள வேறுபாடு புரியும். மதம் இரண்டு பக்கமும் இருக்கிறது.

பாதியில் விட்டதாகச் சொன்னீர்கள். திமிங்கல வகைப்பாடு பற்றிய 32ஆம் அத்தியாயத்தில் பலரும் நின்றுவிடுகிறார்கள். அதை இப்போதைக்குத் தாண்டிவிடுங்கள், பிறகு அதுவும் பிடிக்கும். 36, 41, 93, 100, 119, 128, 129, 132 ஆகியவற்றை இந்த வரிசையில் ஒரு வாரத்தில் படித்துவிட்டு, அப்புறம் விட்ட இடத்திலிருந்து முழுதாகத் தொடருங்கள். கையில் பைபிள் இருந்தால் யோனா புத்தகத்தையும், லிவியாதான் என்ற கடல் மிருகத்தைப் பற்றிய யோபுவின் 41ஆம் அதிகாரத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்த்து அரைமணி நேரம்கூட ஆகாது.